நீலத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்த எஸ்தர்

மங்கலத்தில் எங்கள் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். மாலைப் பந்தி தொடங்கும் நேரத்தில், எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாக உள்ளே கூப்பிட்டார்கள். நான் அங்கே இருப்பது தெரிந்து யார் கூப்பிடப்போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன். பேசியவர் எஸ்தர் அக்காவின் கணவர் இம்மானுவேல் அண்ணன். "சரசு, எஸ்தர் நம்மள விட்டுட்டுப் போயிட்டா" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியை வாங்கி மிச்சத்தைச் சொன்னார். அக்கா அன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வழக்கம்போலப் பாடிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். மீன் குழம்பு வைத்திருக்கிறார். சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் இலையில் உட்காராமல் பஸ் ஏறினேன்.

எஸ்தர் அக்காவை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். சிலர் அவரோடு எங்கள் ஷேடு ரூமில் வேலை பார்த்தவர்கள். சிலர் பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடியவர்கள். சிலர் குண்டடத்தில் எங்கள் தோட்டத்து வாசலில் அவரோடு உட்கார்ந்து வானம் பார்த்தவர்கள். உங்களுக்குத் தெரிந்தவை எனக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கணவரோடு திருப்பூருக்கு வந்தவர் அவர். இம்மானுவேல் அண்ணன் கட்டிங் மாஸ்டர். அக்கா முதலில் எங்கள் ஏற்றுமதி நிறுவனத்தின் செக்கிங்கில் சேர்ந்து, சீக்கிரமே ஷேடு ரூமுக்கு வந்தார். அங்கே நான் ஏற்கெனவே இருந்தேன். எங்களுக்குள் மூன்று நான்கு வயதுதான் வித்தியாசம். சாயப் பட்டறையிலிருந்து துணி வரும். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டு எங்களிடம் இருக்கும். இரண்டையும் விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நிறம் ஒத்துப்போனால் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போட்டால் போதாது. இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அக்கா கொண்டுவந்த பழக்கம். தான் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். நல்லாயிருக்கிறது என்றோ இல்லையென்றோ முகத்தில்கூடக் காட்ட மாட்டார். "நான் சொன்னேன்னா நீ அதத்தான் பாப்ப. உன் கண்ணு பாக்காது" என்பார்.

ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஷிப்மெண்ட் நாளில் வண்டி வாசலில் நிற்கும்போது இரண்டாம் பார்வைக்கு நேரம் ஏது? ஆனால் எங்கள் அறையிலிருந்து போன துணி திரும்பி வருவது குறைந்தது. பிறகு நானும் அப்படியே பழகிவிட்டேன்.

எண்பத்தாறாம் வருஷம் வால்நட்சத்திரம் வந்தபோது ஊரே பேசிக்கொண்டிருந்தது. எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது, இதை விட்டால் நம் ஆயுளில் இல்லை என்றார்கள். கோயம்புத்தூரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சண்முகம் சார், எங்கள் முதலாளி வேலுச்சாமிக்குப் பள்ளித் தோழர். அவர் தொலைநோக்கியோடு வருகிறேன் என்றதும், குண்டடத்தில் எங்கள் அப்பா வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வேன் நிறையக் கிளம்பினோம். இருட்டியதும் சார் காட்டினார். எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தோம். பஞ்சு ஒட்டியதுபோல மங்கலாக ஒன்று தெரிந்தது. வால் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். ஏமாற்றத்தோடு கட்டுச்சோற்றைப் பிரித்தோம்.

அக்கா மட்டும் சாப்பிட வரவில்லை. சாரின் பைனாகுலரை வாங்கி, தெற்கே வானத்தின் அடிப்பக்கமாக மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நின்றார். புகைபோல ஒரு வெளிச்சம், அதன் நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி. அது என்னவென்று கேட்டார். சார் சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்து பார்த்துவிட்டு, வால்நட்சத்திரத்தை விட்டுவிட்டு நல்லதைத்தான் பிடித்திருக்கிறீர்கள் என்றார்.

அதன் பெயர் ஈட்டா கரினே. நம் சூரியனைப் போல நூறு சூரியனைச் சேர்த்துப் பிசைந்தாலும் அதன் கனத்துக்கு ஈடாகுமோ ஆகாதோ. பல லட்சம் சூரியன்களின் ஒளி அதற்கு. நீல நிறத்தில் கொதிக்கும், நிலையில்லாமல் ஏறி இறங்கும் ராட்சத நட்சத்திர வகை அது என்றார் சார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு திடீரென்று சீறி, வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாகக் கொஞ்ச காலம் இருந்தது. அப்போது கக்கிய தூசு அதையே மூடிவிட்டது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிப்போனது. நாளைக்கே மறுபடி சீறலாம். வெடித்தே போகலாம். இன்னும் பல்லாயிரம் வருஷம் இப்படியே கிடக்கவும் கிடக்கலாம்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஷேடு பேரு நீலம்னு போட்டிருக்கு. துணியப் பாத்தா செங்கல் நெறமால்லா இருக்கு. இத யாரு சார் பாஸ் பண்ணுனா?" என்றார். சார் சிரித்த சிரிப்பில் சோறு சிதறியது. தூசு வழியாகப் பார்ப்பதால் அப்படித் தெரிகிறது, உள்ளே நீலம்தான் என்று விளக்கினார். அக்கா சிரிக்கவில்லை. அப்படியானால் அதைத் தினமும் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். உலகத்தில் அங்கங்கே சிலர், பொழுதுபோக்காகப் பார்க்கிறவர்கள்கூட உண்டு, பக்கத்திலிருக்கும் மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு இதன் ஒளியை மதிப்பிட்டு அனுப்புவார்கள் என்றார் சார். ஒப்பிடுவது என்ற சொல் காதில் விழுந்ததும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறு வருஷம் இம்மானுவேல் அண்ணன் அவருக்கு ஒரு பழைய பைனாகுலர் வாங்கிக் கொடுத்தார். சண்முகம் சார் வரைபடம் கொடுத்தார். மாசியிலிருந்து வைகாசி வரை அந்த நட்சத்திரம் நம் தெற்கு வானில் தாழ்வாக வந்து போகும். வேலை முடிந்ததும் அக்கா கம்பெனி மொட்டை மாடிக்கு ஏறுவார். இது அதைவிடக் குறைவு, இதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று பார்த்து எழுதிக்கொண்டு இறங்குவார். மேகமாக இருந்தால் 'தெரியவில்லை' என்று எழுதுவார். முந்தின நாள் இருந்த அளவையே போட்டால் என்ன, அதுதான் மாறவே இல்லையே என்று ஒருமுறை கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. அன்று வந்தது. "பாக்காதத பாத்தேன்னு எழுதுனா, பாத்ததுக்கும் மதிப்பு போயிரும்" என்றார்.

வருஷங்கள் போயின. நட்சத்திரம் ஒன்றும் செய்யவில்லை. திருப்பூர்தான் மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் மாடிக்குத் தெற்கே இருந்த சோளக்காடு போய் கம்பெனிகள் வந்தன. பாய்லர் புகை, சோடியம் விளக்கு. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மாடியிலிருந்து தெற்கே பார்த்தால் ஆரஞ்சு நிறப் புகைதான். அதன் பிறகு சனிக்கிழமை வேலை முடிந்து என்னோடு குண்டடத்துக்குப் பஸ் ஏறத் தொடங்கினார். பார்த்துவிட்டு எங்கள் அண்ணன் வீட்டில் தங்கி, விடியற்காலை முதல் பஸ்ஸில் ஆராதனைக்குத் திரும்பிவிடுவார். எங்கள் அண்ணன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க, இத்தன வருசமாப் பாக்கறீங்களே, அது என்னதானுங்க பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. ஒண்ணும் பண்ணலங்கத ஒருத்தர் பாத்துத்தான சொல்லணும்?"

அண்ணன் யோசித்தார். பிறகு உள்ளே போய் அக்கா உட்கார ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார். அன்றிலிருந்து அது அக்காவின் கட்டில் ஆனது.

அடுத்து சொல்லப்போவதைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் இருந்தவள் என்பதால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஒருநாள் காலையில் அக்கா என்னிடம் நீலத் துண்டுகளையெல்லாம் எடுத்துக் கலைத்து, எது எதுவென்று சொல்லாமல் தன் முன்னால் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஜோடி சேர்த்தார். தப்பு. மறுபடி கலைக்கச் சொன்னார். மறுபடியும் தப்பு. சிவப்பு வைத்தேன், பச்சை வைத்தேன், அவை பரவாயில்லை. நீலத்தில் மட்டும் கருநீலத்தையும் கறுப்பையும் குழப்பினார். துண்டுகளை அடுக்கி வைத்தார். "என் கண்ணு நீலத்தத் திங்குது சரசு" என்றார். கொஞ்ச நாளாகவே சந்தேகமாம். கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட முழுதாக ஆகவில்லை.

அதுவரை அவர் கையெழுத்துப் போட்ட எந்தத் துணி லாட்டிலும் தப்பு வரவில்லை, ஏனென்றால் இரண்டாம் பார்வை எப்போதும் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நீலம் வந்தால் நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று கெஞ்சினேன். அப்போது அவருடைய மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இம்மானுவேல் அண்ணனுக்கு முதுகு வலியால் பாதி நாள் வேலை இல்லை. வீடு அக்காவின் சம்பளத்தில் நடந்துகொண்டிருந்தது. அவர் என் தோளில் கை வைத்துவிட்டு நேராக முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"சார், இன்னிமே நீலத்துக்கு என் கையெழுத்து செல்லாது. கண்ணுல புரை இருக்கு" என்றார்.

முதலாளி வேலுச்சாமி பேனாவைக் கீழே வைத்தார். "வேற ஆருக்காச்சும் தெரியுங்களா அம்மணி?"

"இல்ல சார். எனக்கும் சரசுக்கும்தான்."

"அப்பறம் எதுக்குங்க நீங்களா வந்து சொல்றீங்க?"

"நாளைக்குத் துணி சொல்லும் சார். அதுக்கு முன்னால நான் சொல்லிட்டேன்னா நல்லது."

முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் கம்பெனி நடத்த வேண்டியவர். அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார். பதவியில் அது இறக்கம்தான். சம்பளத்தில் கை வைக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஷேடு ரூமிலிருந்து பேக்கிங்குக்கு வந்தவரைப் பற்றிப் பின்னால் சிரித்தவர்கள் இருந்தார்கள். தப்பு செய்து மாட்டிக்கொண்டார் என்று கதை கட்டியவர்களும் இருந்தார்கள். அவர் விளக்கம் சொல்லப் போகவில்லை. அட்டைப் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டு, சங்கீதம் முணுமுணுத்துக்கொண்டு அந்தக் காலத்தைக் கழித்தார்.

அந்த நாட்களிலும் குண்டடத்துக்கு வந்தார். பார்த்ததை எழுதினார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'கண் சந்தேகம்' என்று எழுதினார். சண்முகம் சாரைச் சந்தித்தபோது, இந்த இரண்டு வருஷத்துக் கணக்கைச் சேர்க்காதீர்கள் சார், ஒதுக்கிவிடுங்கள் என்று தானே சொன்னார். சார் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது.

புரை முற்றியதும் வலது கண்ணுக்கு ஆப்பரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று நான் கூட இருந்தேன். அவர் முதலில் பார்த்தது ஜன்னல் கதவை. சாதாரண நீலப் பெயிண்ட். ஒரு கண்ணை மூடினார், மற்றதை மூடினார், மாற்றி மாற்றிப் பார்த்தார். "இவ்வளவு நீலமாவா இருந்துச்சு எல்லாம்?" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

வேலைக்குத் திரும்பியபோது முதலாளி அவரை நேரே ஷேடு ரூமுக்குப் போகச் சொன்னார். அக்கா போகவில்லை. எல்லோர் முன்னிலையிலும் சோதித்துப் பார்த்த பிறகுதான் என்றார். முதலாளியே துண்டுகளைக் கலைத்து மேஜையில் பரப்பினார். பேக்கிங் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா வலது கண்ணால் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தார். கடைசி நீலத்தைச் சேர்த்ததும் முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "வந்து உக்காருங்க அம்மணி" என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். முன்பு கதை கட்டிய பெண்களில் ஒருத்திதான் முதலில் கை தட்டியது.

இந்த வருஷம் பங்குனியில் குண்டடம் போனோம். மழை இல்லாத, காற்று நின்ற மாலை. எங்கள் அண்ணன் வாசலில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து வழக்கம்போலப் பார்த்தார். வழக்கத்தைவிட நேரமானது. வலது கண்ணை மூடினார், இடது கண்ணை மூடினார். பைனாகுலரைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து என் கையில் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பார்த்தேன். புகை வெளிச்சம் இருந்தது. அதன் நடுவில் பழுப்புப் புள்ளி. அத்தனை வருஷம் அவரோடு வந்து எனக்கும் அந்தப் பக்கத்து நட்சத்திரங்கள் பழக்கம். எப்போதும் அது அவற்றில் ஒன்றுக்குக் குறைவாகவே இருக்கும். அன்று அப்படி இல்லை.

"நடுவுல இருக்கறதுதானுங்க அக்கா ஜாஸ்தி" என்றேன்.

அவர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். அண்ணனிடமும் எதைப் பார்ப்பது என்று மட்டும் சொன்னோம், என்ன எதிர்பார்ப்பது என்று சொல்லவில்லை. அண்ணனும் அதையேதான் சொன்னார். அப்போதும் அக்கா துள்ளவில்லை. உட்கார்ந்து தனக்குத்தானே வாதாடினார். ஆப்பரேஷன் செய்த கண்ணுக்கு நீல வெள்ளை நட்சத்திரங்கள்தான் கூடுதலாகத் தெரிய வேண்டும், பழுப்பு அவற்றோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் தெரிய வேண்டும். அப்படியும் அது முந்துகிறது என்றால் காரணம் கண் இல்லை. சரசுவின் கண்ணும் அண்ணனின் கண்ணும் அதையே சொல்கின்றன. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "அது கூடிருக்கு சரசு. நெசமாவே கூடிருக்கு."

நான் அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். அண்ணி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி நம்மிடம் வர ஏழாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும் என்று சார் முன்பு சொல்லியிருந்தார். அவ்வளவு தூரம் வந்த ஒன்று குண்டடத்தில் எங்கள் வாசலில் ஒருத்தி கண்ணில் பட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. திங்கட்கிழமை கம்பெனி முழுக்க நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சண்முகம் சாருக்குத் தகவல் போனது. அவர் விசாரித்துவிட்டுச் சொன்னார்: உண்மைதான், நட்சத்திரம் முன்பிருந்ததைவிட நன்றாகவே பிரகாசித்திருக்கிறது, தெற்கு நாடுகளில் பார்ப்பவர்கள் முன்பே கவனித்திருக்கிறார்கள், அக்காவின் மதிப்பீடு அவர்களுடையதோடு ஒட்டியே நிற்கிறது. அவர் முதல் ஆள் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு முகம் விழுந்துவிட்டது. பேக்கிங் பெண்கள், அப்படியானால் பரிசு எதுவும் கிடையாதா என்று கேட்டார்கள். அக்கா சிரித்தார். "மொத ஆளா இருக்கணும்னு நான் பாக்கல. பாக்குத ஆளுல ஒருத்தியா இருக்கணும்னுதான் பாத்தேன். இருந்துட்டேன்லா" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை அவர் சொன்ன விதத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னார்.

அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். மழையில் குடை பிடித்துக்கொண்டு பாடகர் குழு பாடியது. குண்டடத்திலிருந்து அண்ணன் வந்திருந்தார், கோயம்புத்தூரிலிருந்து சண்முகம் சார் வந்திருந்தார். முதலாளி அன்று ஷேடு ரூமைப் பூட்டச் சொல்லிவிட்டு, கடைசிவரை வெறுங்காலோடு நடந்து வந்தார். இம்மானுவேல் அண்ணன் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, அவ சந்தோசமாத்தான் போனா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. மேஜையில் ஒரு லாட் காத்திருந்தது. அவசரம், அன்றே போக வேண்டியது. முதலாளியே பக்கத்தில் வந்து நின்றார். நான் விளக்கைப் போட்டு, துணியையும் மாதிரித் துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் அழுத கண். ஒத்துப்போவதுபோல இருந்தது. ஒத்துப்போகாததுபோலவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி நேரத்தில் நான் பேனாவை எடுத்துவிடுவேன், அவர் கண்ணும் பார்க்கிறது என்ற தைரியத்தில். இப்போது என் பின்னால் யாரும் இல்லை.

எழுந்து நின்றேன். "இன்னைக்கு என்ற கண்ணு செரியில்லீங்க. பாக்க முடியலீங்க" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். காலியான நாற்காலியைப் பார்த்தார். "செரிங்க, லாட்டு நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஸ்தர் அக்காவின் பைனாகுலர் அவர் மகளிடம் இருக்கிறது. அது அவளுக்குத்தான் சேர வேண்டும். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அன்று முதலாளியிடம் நான் சொன்ன அந்தச் சொற்கள்தான். அவற்றைச் சொல்லும்போது என் தலை குனியவில்லை.